பிரியாவிடை உயில் எழுதுவது எப்படி: மலைப் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்புக்கு

பள்ளியை முடித்துப் போகிறவர்கள் தங்கள் ‘சொத்து’களைப் பதினொன்றாம் வகுப்புக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதி வைத்து, பிரிவு விழாவில் உரக்கப் படிப்பதுதான் பிரியாவிடை உயில். ஜன்னலோர பெஞ்ச், கம்பி ஒடிந்த குடை, பஸ்ஸில் பிடித்து வைத்த சீட்டு எல்லாம் இதில் சொத்துதான். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இது வழக்கம். நம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் முதல் முறையாகச் செய்கிற வகுப்புகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன. ஆரம்பிக்கத் தாமதம், அனுமதி வாங்காதது, யாரோ ஒருவரை அழ வைத்த ஒரு வரி, பனியில் ஊறிப்போன தாள். முதலிலேயே தெரிந்திருந்தால் இவை ஒன்றும் நடக்காது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

மாநிலப் பாடத்திட்டத்தில் வழக்கமாகப் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜனவரி முழுக்கத் திருப்புதல் தேர்வுகள். ஆகவே உயில் வேலைக்கு உங்களுக்குக் கிடைப்பது அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதிலிருந்து ஜனவரிக் கடைசி வரை உள்ள நான்கு வாரம்தான். அதிலும் பொங்கல் விடுமுறை நடுவில் விழும்.

பொங்கலுக்கு முன்னால் எல்லோரிடமும் சொத்து விவரம் வாங்கிவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் எழுதுங்கள். திரும்பி வந்த வாரம் ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள். அதற்கடுத்த வாரம் அச்சு. விழா ஜனவரி கடைசி வாரம் அல்லது செய்முறைத் தேர்வுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால். செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டால் ரெக்கார்டு நோட்டு முடிக்காதவர்கள் யாரும் உங்கள் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

படகர் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் வகுப்பானால் ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழியை ஒட்டி வரும். அந்த நாட்களில் பாதி வகுப்பு ஊரில் இருக்கும். சிபிஎஸ்இ, ஐஎஸ்சி பள்ளிகளில் பிப்ரவரியிலேயே தேர்வு தொடங்கிவிடுவதால் அவர்கள் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓய்ந்திருக்காது. தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்தால் ஒரு வரிகூடக் கேட்காது. கான்கிரீட் கூரை உள்ள அறையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். காலை வெயில் உடம்பில் ஏறவே பத்து மணி ஆகும். மாலையில் மஞ்சூர், கிண்ணக்கொரை போன்ற ஊர்களுக்குப் போகிறவர்கள் கண் முழுக்க பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கும். காலை பதினொன்றரைக்கு ஆரம்பித்துச் சாப்பாட்டு மணிக்கு முன் முடிப்பது நல்லது.

2. அனுமதிக் கடிதம்

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம், வகுப்பாசிரியர் வழியாக. அதில் நான்கு விஷயம் கட்டாயம் இருக்கட்டும்: நாள், நேரம், எத்தனை நிமிடம் படிப்பீர்கள், படிக்கும் முன் எந்த ஆசிரியர் முழுவதையும் பார்ப்பார். நான்காவது இல்லாத கடிதம்தான் திரும்பி வரும். தலைமையாசிரியர் பயப்படுவது நீங்கள் எழுதப் போகும் நகைச்சுவைக்காக அல்ல. மறுநாள் ஒரு பெற்றோர் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்பதற்காக. ‘தமிழாசிரியர் பார்த்துக் கையெழுத்திட்ட பிரதியை மட்டுமே படிப்போம்’ என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கடிதத்தில் ‘உயில்’ என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். வீட்டில் பாட்டி காதில் விழுந்தால் அபசகுனம் என்பார். அவர்கள் சொல்வதை மதியுங்கள். தலைப்பைப் ‘பிரியாவிடைச் சாசனம்’ என்று மாற்றினால் எதுவும் குறைந்துவிடாது.

3. பெயர்ப் பட்டியல்

இது சலிப்பான வேலை, ஆனால் இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். பதினொன்றாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளின் வருகைப்பதிவேட்டுப் பட்டியலையும் வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். இனிஷியலோடு எழுதுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரிவையும் சேருங்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை வரி வருகிறது என்று கோடு போடுங்கள். கால்பந்து அணித் தலைவருக்கு ஏழு பேர் எழுதியிருப்பார்கள், கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கும் தங்கைக்கு ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்றும் வராதவர்களுக்குக் கடைசியில் பொதுவாக ஒரு பங்கு உண்டு, அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

ஆசிரியர்களோடு நின்றுவிடாதீர்கள். அலுவலக உதவியாளர், காவலர், சத்துணவு அம்மா, ஆய்வக உதவியாளர், பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் எல்லோரும் பட்டியலில் வரட்டும்.

4. சொத்து விவரம் வாங்குவது

ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பள்ளியில் உங்களிடம் மட்டும் இருக்கும் ஒரு பொருள், இடம் அல்லது பழக்கம் எது? அதில் என்ன கோளாறு? யாருக்குப் போக வேண்டும், ஏன்? ‘ஒரு வரி எழுதிக் கொடு’ என்று கேட்டால் நாற்பது பேரில் முப்பது பேர் ‘என் சோம்பேறித்தனம்’ என்றே எழுதுவார்கள். கேள்வியாகக் கேட்டால்தான் உருப்படியான சரக்கு வரும்.

உண்மையான பொருள்களும் கலந்து வரட்டும். வெள்ளை லேப் கோட்டு, கிளார்க் டேபிள் (மடக்கை அட்டவணைப் புத்தகம்), பழைய வினாத்தாள் கட்டு, ரெயின்கோட். சிரித்து முடிந்ததும் கையில் ஒரு கிளார்க் டேபிள் கிடைத்தால் அந்தத் தம்பிக்கு இயற்பியல் கணக்கில் ஆண்டு முழுக்கப் பயன்படும்.

ஒரு எச்சரிக்கை. நூலகப் புத்தகம், ஆய்வகச் சாமான், விளையாட்டு அறைப் பந்து ஆகியவை உங்கள் சொத்து அல்ல. அவற்றை வேடிக்கையாக எழுதி வைத்துவிட்டு நிஜமாகவே கைமாற்றினால், ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்து வாங்கப் போகும் நாளில் உங்கள் பெயர்தான் நிற்கும்.

5. வரியை எழுதுவது

மூன்று பேர் மட்டும் எழுத உட்காருங்கள். பத்துப் பேர் உட்கார்ந்தால் அரட்டைதான் மிஞ்சும்.

உயிலின் சிரிப்பு பெரும்பாலும் பத்திரத் தமிழில்தான் இருக்கிறது. ‘மேற்படி’, ‘அடியிற்கண்ட சொத்து’, ‘அன்னார்’, ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ போன்ற சொற்களை ஒரு பழைய கம்பளி மப்ளருக்குப் பயன்படுத்தும்போது சபை தானாகச் சிரிக்கும். வீட்டில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் அப்பாவிடம் கேட்டு இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள், நடை பிடிபட்டுவிடும். ‘விட்டுச் செல்கிறேன்’ என்று எழுதாதீர்கள். சொத்தை நம் ஊரில் யாரும் விட்டுச் செல்வதில்லை, எழுதி வைப்பார்கள். ‘எழுதி வைக்கிறேன்’ என்று போட்டால்தான் காதுக்குப் பொருந்தும்.

தொடக்கம் இப்படி இருக்கலாம்: ‘பன்னிரண்டாம் வகுப்பு அ பிரிவில் குடியிருக்கும் நாங்கள், திருப்புதல் தேர்வுகளுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் நல்ல நினைவுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் பிரியாவிடைச் சாசனம் என்னவென்றால்...’ உண்மையான உயிலில் ‘என் ஆயுளுக்குப் பிறகு’ என்று வரும் இடத்தில் ‘நாங்கள் டி.சி. வாங்கிய பிறகு’ என்று போடுங்கள். சாவைப் பற்றிய எந்தச் சொல்லும் வேண்டாம். அந்த ஆண்டு வீட்டில் துக்கம் நடந்த பிள்ளை ஒருவராவது சபையில் இருப்பார்.

ஒரு வரிக்கு நான்கு உறுப்பு: பொருள், அதன் கோளாறு, பெறுபவர், நிபந்தனை. ஒரு வரி எப்படித் தேறுகிறது என்று பாருங்கள்.

முதலில் வந்தது: ‘என் ஜன்னல் சீட்டை 11-ஆ கோல்கீப்பருக்குத் தருகிறேன்.’ இதில் யாரும் சிரிக்க ஒன்றுமில்லை.

கோளாறைச் சேர்த்தால்: ‘வெயில் வந்தால் மட்டும் பயன்படும் என் ஜன்னல் சீட்டை...’ பரவாயில்லை.

அளந்து எழுதினால்: ‘கிழக்கு ஜன்னலை ஒட்டிய மூன்றாவது பெஞ்சில், காலை 9.40 முதல் 10.20 வரை மட்டும் வெயில் விழும் ஒரு சாண் இடத்தை, இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடிக்கும் 11-ஆ கோல்கீப்பர் தம்பிக்கு எழுதி வைக்கிறேன். மேகம் மூடிய நாட்களில் அன்னார் வெயில் கேட்டு என்மேல் வழக்குத் தொடர முடியாது.’

சாண், நிமிடம், மூன்றாவது பெஞ்ச் என்று அளவு வந்ததும்தான் அது சொத்தாகிறது. எல்லா வரியிலும் ஏதாவது ஒரு அளவு இருக்கட்டும். பெரிய சொத்தாக இருந்தால் பத்திரத்தில் எழுதுவது போலச் செக்குபந்தியும், அதாவது நான்கு பக்க எல்லையும், போடுங்கள்: ‘வடக்கில் ரெக்கார்டு நோட்டு அலமாரி, தெற்கில் ஒழுகும் ஓடு, கிழக்கில் குரங்கு உட்காரும் மதில், மேற்கில் சாப்பாட்டு மூட்டை. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கடைசி பெஞ்ச்.’ ஆனால் முழு உயிலிலும் ஒரே ஒரு செக்குபந்தி போதும். இரண்டாவதில் சுவை போய்விடும்.

நம் மலைக்கே உரிய சரக்கைத் தேடுங்கள். மைதானத்துக்குள் காட்டுமாடு வந்தால் முதலில் பார்த்து ‘சார்!’ என்று கத்தும் பதவி. பனி மூடிய நாளில் ‘பஸ் வரல சார்’ என்று சொல்லும் உரிமை, அதுவும் மாதம் இரண்டு முறைக்கு மேல் செல்லாது. காற்றடித்தால் கிண்ணமாகக் கவிழும் குடை. கூடலூர் பக்கமானால் காலுறைக்குள் புகுந்த அட்டையை அலறாமல் எடுக்கும் வித்தை. சமவெளிப் பள்ளி எதிலும் எழுத முடியாத வரிகள் இவை.

ஒரு வரிக்கு இருபத்தைந்து சொல்லுக்கு மேல் போனால் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். மேலே உள்ள கோல்கீப்பர் வரி போல ஒன்றிரண்டு மட்டும் நீளலாம்.

கடைசிப் பங்கு, பத்திரங்களில் ‘இதில் சொல்லாமல் விட்டுப்போன சொத்துகள்’ என்று வருவது. அதைப் பெயர் வராத எல்லோருக்குமாக எழுதுங்கள். பெயர் வராதவர்கள் நான்கைந்து பேராக இருந்தால் அவர்கள் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். சபையில் தன் பெயர் கேட்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குறைத்து எண்ணாதீர்கள்.

6. ஆசிரியர்களுக்கு எழுதும்போது

பட்டப்பெயர் கூடாது. எவ்வளவு செல்லமாக நீங்கள் வைத்திருந்தாலும் சபையில் சொன்னால் அது அவமானம்தான். நடை, குரல், உச்சரிப்பு, உடை ஆகியவையும் வேண்டாம். ஆசிரியர் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம், அதுவே போதும், அதுவே சிறந்தது. அதை அவர் தானும் ரசிப்பார்.

எடுத்துக்காட்டு: ‘எங்கள் விளையாட்டு பீரியடில் “அஞ்சே நிமிஷம்” என்று கேட்டு எடுத்துக்கொண்ட நிமிடங்கள் அனைத்தையும் வட்டி இல்லாமல் கணக்கு ஐயாவுக்கே தானமாக எழுதி வைக்கிறோம். இனி வரும் வகுப்பிடம் அன்னார் புதிதாகக் கடன் கேட்கக் கூடாது.’ இன்னொன்று: ‘“இது ரொம்ப முக்கியமான கேள்வி” என்று தாவரவியல் அம்மா குறித்துக் கொடுத்த பட்டியலை, அதாவது பாடநூல் முழுவதையும், பத்திரமாக அவரிடமே ஒப்படைக்கிறோம்.’

ஒவ்வொரு ஆசிரியரிடமும் அவருக்கான வரியை மட்டும் முன்கூட்டியே காட்டி, ‘படிக்கலாமா டீச்சர்?’ என்று கேட்டுவிடுங்கள். திடீரென்று கேட்டால்தான் சிரிப்பு என்பது தவறான எண்ணம். தன் வரியைத் தெரிந்த ஆசிரியர் தைரியமாகச் சிரிப்பார். தெரியாதவர் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

7. வெட்ட வேண்டியவை

சாதி, மதம், ஊர், தாய்மொழி, நிறம், உடல் பருமன், உயரம், மதிப்பெண், கட்டணப் பாக்கி, குடும்பம். இவற்றைத் தொடும் வரி எதுவானாலும், எழுதியவர் எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும், வெளியே. நம் வகுப்புகளில் படகர், தோடர், கோத்தர், குறும்பர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள், மலையாளம் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள். எஸ்டேட் லயன் வீட்டைப் பற்றியோ, ஒருவர் தமிழ் பேசும் விதத்தைப் பற்றியோ ஒரு வரி நுழைந்தால் மற்ற எல்லா வரிகளின் நன்மையும் போய்விடும்.

ஜோடி சேர்க்கும் வரிகளும் வேண்டவே வேண்டாம். ‘இவருக்கு இவர் பக்கத்து சீட்டு’ என்பது உங்களுக்கு இரண்டு நொடிச் சிரிப்பு. அந்தத் தங்கைக்கு வீட்டில் அது ஒரு மாத விசாரணையாக முடியலாம், பள்ளியை விட்டே நிறுத்தவும் கூடும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த வரியைப் பெறுபவருடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். குரல் தயங்கினால் அடித்துவிடுங்கள்.

8. தாள், அச்சு, செலவு

நிஜ முத்திரைத்தாள் வாங்காதீர்கள். உண்மையான உயிலுக்கே முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளைத்தான் (பிரிவு 63). அதே சட்டத்தின் பிரிவு 59-படி மைனர் உயில் எழுத முடியாது. உங்களில் பெரும்பாலோர் பதினெட்டு ஆகாதவர்கள் என்பதால் இது எப்படியும் விளையாட்டுப் பத்திரம்தான். சாட்சிக் கையெழுத்து போட இரண்டு ஆசிரியர்களை அழையுங்கள், சபைக்குப் பிடிக்கும். சிங்க முத்திரையை மட்டும் அச்சிடாதீர்கள். அரசுச் சின்னத்தைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்க 2005-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதற்குப் பதில் ஒரு வர்க்கி படமோ தேயிலைக் கொழுந்தோ வரைந்துகொள்ளுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் பத்திரம் எழுதும் பச்சைத்தாள் கேளுங்கள். மூலப்பிரதிக்கு மட்டும் அது போதும். இங்க்ஜெட் அச்சு வேண்டாம். பனியில் தாள் ஈரம் இழுத்து எழுத்து கசியும். லேசர் அச்சோ ஜெராக்ஸோ எடுங்கள். கையெழுத்துக்கும் மைப்பேனா வேண்டாம், பால்பாயின்ட் பேனா.

தட்டச்சுக் கடைகளில் சில இடங்களில் இன்னும் பாமினி, வானவில் எழுத்துருக்களில்தான் அடிப்பார்கள். அந்தக் கோப்பை வேறு கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் குப்பையாகத் தெரியும். அடித்து முடித்ததும் பிடிஎஃப் ஆக வாங்குங்கள். போனில் நீங்களே யூனிகோடில் அடித்தால் அந்தத் தொல்லையும் இல்லை, காசும் மிச்சம்.

கணக்கு இப்படி வரும். கடைக்குக் கடை விலை மாறும், திட்டமிட இதை வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மாணவர், பன்னிரண்டு ஆசிரியர், ஆறு பணியாளர் என்றால் ஐம்பத்தெட்டு வரி, ஆறு பக்கம். தட்டச்சு பக்கத்துக்கு ₹30 வீதம் ₹180. மூலப்பிரதி அச்சு ₹30. ஐம்பத்தைந்து படிகள் ஜெராக்ஸ், 330 பக்கம், ₹1.50 வீதம் ₹495. பச்சைத்தாள், சிவப்பு நூல், அரக்கு ₹60. மொத்தம் ₹765. ஆளுக்கு ₹20 வாங்கினால் ₹800 சேரும். கொடுக்க முடியாதவரிடம் கேட்காதீர்கள். நீங்களே தட்டச்சு செய்தால் மிஞ்சும் ₹180 அதற்கே சரியாகிவிடும்.

தெர்மக்கோல் எழுத்து, பிளாஸ்டிக் கொடி, மெல்லிய ஃப்ளெக்ஸ் எதுவும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரியிலிருந்தே தடை. அலங்காரத் தெர்மக்கோலுக்கு 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை. மேட்டுப்பாளையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் மலை ஏறும் வழிச் சோதனைச்சாவடியிலேயே இறக்கி வைக்க வேண்டி வரும். பழைய வேட்டித் துணியில் சாக்பீஸால் எழுதிக் கட்டினால் போதும், செலவே இல்லை.

9. படிப்பது

ஒரு வரி பதினைந்து நொடி, சிரிப்புக்கு ஐந்து நொடி. ஐம்பத்தெட்டு வரிக்கு இருபது நிமிடம் சரியாக வரும். அதற்கு மேல் சபை தாங்காது. இரண்டு பேர் மாறி மாறிப் படியுங்கள். படிப்பவர் சிரிக்கக் கூடாது, பத்திரம் படிக்கிற குமாஸ்தா மாதிரி முகம் இருக்க வேண்டும். வரிசை: தொடக்கம், பதினொன்றாம் வகுப்பு, பணியாளர்கள், ஆசிரியர்கள், தலைமையாசிரியர், விட்டுப்போன சொத்து. ஆசிரியர்களை முதலில் வைத்தால் அவர்கள் வரி முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள்.

மின்சாரம் போகும் என்று எண்ணியே தயாராகுங்கள். மைக் இல்லாமல் ஒரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள், கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்று. அன்று வராதவர் பெயர் வந்தால் தாண்டாமல் படித்துவிடுங்கள், ஜெராக்ஸ் படியை மறுநாள் அவர் கையில் சேர்த்துவிடலாம்.

10. ஒப்படைப்பு

உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராகப் பதினொன்றாம் வகுப்பில் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் உயிலிலேயே எழுதுங்கள். குடை, லேப் கோட்டு, வினாத்தாள் கட்டு போன்ற உண்மைப் பொருள்களை அன்றே அவரிடம் பட்டியலோடு கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ‘நாளைக்குக் கொண்டு வர்றேன்’ என்ற பொருள் எதுவும் வராது, ஹால் டிக்கெட் வாங்க வரும் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

லேப் கோட்டைத் துவைத்துக் கொடுங்கள். மூன்று நாள் முன்னாலேயே துவைத்துப் போட்டால்தான் இந்தக் குளிரில் காயும். மூலப்பிரதியை அரக்கு வைத்து வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு, அனுமதிக் கடிதம், பெயர்ப் பட்டியல், செலவுக் கணக்கு மூன்றின் நகலையும் ஒரே கோப்பில் கட்டிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். கோப்பின் மேலட்டையில் ‘அரையாண்டு விடுமுறை முடிந்த முதல் நாள் திறக்கவும்’ என்று பெரிதாக எழுதி வையுங்கள்.